கருமுடிப் பாப்பி

பாப்பிப் பூவை உலர்த்துவது சுலபமான வேலை இல்லை. பறித்த சற்று நேரத்திலேயே இதழ் உதிர்ந்துவிடும். மலையிலேயே காகிதத்துக்குள் வைத்து அழுத்திவிட வேண்டும். எனக்கு அதில் நல்ல கைப்பழக்கம். அதனால்தான் அருங்காட்சியகத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்திருக்கும், செடி ஒட்டிய இந்த முப்பத்தேழு தாள்களும் இருபது வருஷம் கழித்தும் கெடாமல் இருக்கின்றன. எல்லாச் செடியும் ஏன் வேரோடு இருக்கிறது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நம் வடக்கு மலைகளில் பூக்கும் பாப்பி ஒரே இனம். தரையோடு ஒட்டிய இலைகள், முடி அடர்ந்த காம்பு, நான்கு மஞ்சள் இதழ்கள். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஆற்றோரத்தில் இருப்பது வெளிர்மஞ்சள், காய் நீளம். மேற்குச் சரிவில் இருப்பது குட்டை. கிரோவுரா கற்சரிவில் மட்டும் காய் மிகச் சிறியது, அதன் மேல் கரிய முடி. அதைத் தனி வகை என்று எழுதி என் பெயரை வைத்தேன். நான் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியன். அந்த ஒரு பக்கக் கட்டுரைக்குப் பிறகுதான் தலைநகரத்தில் என் கடிதங்களுக்குப் பதில் வந்தது.

அந்தச் சரிவுக்குக் கீழேதான் யோருனின் கோடைக் குடிசை. கணவனை மீன்பிடிப் படகோடு கடலுக்குக் கொடுத்தவர். நாற்பது ஆடுகள், அந்தச் சரிவில் மேய்ச்சல், அவ்வளவுதான் அவருடைய பிழைப்பு. மேலே போகும்போதெல்லாம் எனக்குக் காப்பியும் பாலாடைக்கட்டியும் தருவார். 1935 ஆகஸ்டில் ஒரு நாள் என்னைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

“வாத்தியாரே, உங்க கருமுடிப் பூவோட விதையை முந்தின வருஷம் இங்க தூவி விட்டேன். பாருங்க. கறுப்பையே காணோம்.”

எருப் போட்ட மண்ணில் பெரிய காய்களோடு, சாதாரண மஞ்சள் பாப்பிகள் நின்றன.

“மேல கல்லுல பட்டினி கிடந்து கறுத்திருக்கு, பாவம். சோறு போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான்,” என்று சிரித்தார்.

அடுத்த ஜூலையில் அருங்காட்சியகத்திலிருந்து லின்டால் என்பவர் செடியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். பெரிய மனுஷருக்கு இதுகூடத் தெரிந்திருக்காதா என்றார் யோருன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தேவாலயத்துக்கு இறங்கிப் போயிருந்த நேரத்தில் மேலே ஏறினேன். மொத்தம் முப்பத்தேழு செடிகள்; அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தன. ஒன்றையும் விடவில்லை. ஒரே ஒரு செடி லின்டால் கையில் கிடைத்தாலும், நல்ல மண்ணில் வளர்த்துப் பார்த்துவிடுவாரே. குடிசைக்குப் பின்னால் இருந்தவற்றையும் பிடுங்கி ஓடையில் போட்டேன். சரிவில் பிடுங்கியவற்றை எரித்துவிடத்தான் நினைத்தேன், மனம் வரவில்லை; அங்கேயே காகிதத்தில் அழுத்திக் கொண்டுவந்தேன். தாளில் 1934 ஜூலை என்று எழுதினேன். அது பொய், பறித்தது 1936 ஜூனில்.

லின்டால் வந்தார். வெறும் கற்களைப் பார்த்தார். ஆடுகள்தான் தின்றன என்று நான் சொல்லவில்லை. அங்கே கிடந்த புழுக்கைகளைக் காட்டினேன், அவ்வளவுதான். செடி மறுபடி முளைக்கட்டும் என்று, இலையுதிர்காலத்துக்குள் அந்தச் சரிவு முழுவதும் மேய்ச்சலுக்குத் தடை செய்யப்பட்டது.

யோருன் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

“ஆடு நுனியைக் கடிக்கும், வாத்தியாரே. வேரைத் தோண்டாது. அங்க இருக்கிறது கையால தோண்டின குழி. யாருன்னு நான் கேக்கல. ஆடு இல்லைன்னு மட்டும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்க எழுத்தை நம்புவாங்க.”

பார்க்கலாம் என்றேன். காகிதம் எடுத்து இரண்டு முறை உட்கார்ந்தேன். ஆடு இல்லையென்றால் வேறு யார் என்று அடுத்த கேள்வி வருமே.

அவர் ஆடுகளை விற்றுவிட்டுக் கடற்கரை ஊருக்குப் போனார். மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில், ஈரத்தில் நின்று செய்யும் வேலை. இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. அவர் சொந்தக்காரர்களின் முகத்தில் விழிக்க என்னால் முடியவில்லை. அந்தப் பக்கம் கப்பலில் போகும்போது இன்றும் நான் மேல்தளத்துக்கு வருவதில்லை.

செடிகளைப் பிடுங்கியவன் நான். அவரை ஊரைவிட்டுத் துரத்தியவனும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பூவுக்கு இனி என் பெயர் வேண்டாம், யோருனின் பெயரை வையுங்கள். அவருக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான். ஏனென்றால், யார் என்ன சொன்னாலும் அது தனி வகைதான்.