குரலில்லாத குறுந்தகடு

காலை ஏழு மணியைக் கலகலப்பாக்கிய காற்றலை அரசியே! இசைத்தட்டுச் சுழற்றுவதும் ஒரு கலையென்று இந்நிலையத்துக்குக் காட்டிய முதல்வியே! எங்கள் அன்பு அக்காவே! வணக்கம்.

முப்பத்தோராண்டுப் பணியை இன்று நிறைவு செய்கிறீர்கள். செய்தியும் சந்தை நிலவரமும் மட்டுமே ஒலித்த நிலையத்தில், நேயர்களோடு பேசிக்கொண்டே பாட்டுப் போட்ட முதல் ஆள் தாங்கள். "வானொலிய சந்தைக்கடை ஆக்காதீங்கம்மா" என்றார் அன்றைய இயக்குநர். "சந்தைக்குத்தானே சார் சனங்க வருவாங்க" என்றீர்கள். ஒருநாள் இசைத்தட்டு தவறான வேகத்தில் சுழன்று, பாடகர் கீச்சுக்குரலில் அலறியபோதும் அசராமல், "காலைல எல்லாரும் அவசரமா ஓடுறீங்க, பாட்டு மட்டும் சும்மா நிக்குமா?" என்று சமாளித்தீர்களே, அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று புகழ! முன்னிசையின் மேலேயே பேசி, பாடகர் வாய் திறக்க அரை நொடி இருக்கையில் நிறுத்தும் தங்கள் கணக்கு எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை பிடிபடவில்லை.

இத்தகைய தங்களைச் சிறப்பிக்க ஓர் இசைத்தொகுப்பைக் குறுந்தகடாக வெளியிட முடிவு செய்து, பொறுப்பை ஒலிப்பதிவாளர் கத்தரியிடம் ஒப்படைத்தோம். ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவதில் சூரரான அவருக்குக் 'கத்தரி' என்ற பட்டத்தைச் சூட்டியதே தாங்கள்தாம். மனிதர் ஒரு மாதம் மெனக்கெட்டார். தாங்கள் முதன்முதலில் ஒலிக்கவிட்ட பாடல்களில் பன்னிரண்டைப் பொறுக்கி, கீறல் நீக்கி, இரைச்சல் போக்கி, பளிச்சென்று துடைத்தெடுத்தார். அட்டையில் தங்கள் படமும் அச்சாகிவிட்டது.

போன வாரம் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். நேயர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் நம் நிலையத் தங்கைதான் வாய் திறந்தார். "ஏண்ணே, அக்கா குரல் எங்க?"

"பாட்டெல்லாம் சுத்தமா இருக்குல்ல?"

"பாட்டு எல்லார் வீட்டுலயும்தாண்ணே இருக்கு. இதுல அக்கா எங்க?"

கத்தரிக்கு முகம் செத்துவிட்டது. பாட்டின்மேல் விழும் பேச்சை அழுக்காகவே பார்த்துப் பழகிய காது அது. சரி, இப்போதாவது குரலைத் தேடிச் சேர்க்கலாமென்றால், எங்கே போவது? ஒலிபரப்பைப் பதிந்த நாடாக்களைத் திங்கட்கிழமைதோறும் அழித்து, அடுத்த வாரத்துக்கு மீண்டும் எடுத்துக்கொள்வது இந்நிலையத்தின் வழக்கம். தங்கள் முப்பத்தோராண்டில் இருபத்தாறாண்டு, அழித்தது அவர் கைதான்.

அன்று முதல் அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூன்று மாடியும் ஏறி இறங்கினார். அலமாரி இடுக்கு, பழுதான எந்திரத்தின் வயிறு, எதையும் விடவில்லை. மதியச் சாப்பாடு திறக்காமலே வீடு திரும்பியது. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் எங்கே போகிறோமென்று மறந்தார். கடைசியில், தங்கள் நிகழ்ச்சியை வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்திருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவரைக் கண்டுபிடித்து ஓடினார். நாற்பது கேசட்! கேட்கக் கேட்க வெறும் பாட்டு.

"அவங்க பேசுறப்ப பதிவ நிறுத்திடுவேன் தம்பி, பாட்டு மட்டும் போதும்னு" என்றார் ஓட்டுநர். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அவங்கதான் தெனமும் வர்றாங்களேன்னு நெனச்சேன்" என்றார். கத்தரி அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஆகவே, அக்கா, உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். ஊரையே எழுப்பிய தங்கள் குரல் எங்களிடம் ஒரு நொடிகூட இல்லை. வெளியீட்டை நிறுத்திவைத்திருக்கிறோம். மாலையும் கையுமாய் நிற்கும் எங்களுக்கு, இதைக் கேட்டுத் தாங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கோபம் இருந்தால் திட்டுங்கள். ஆனால் வீட்டுக்குப் புறப்படுமுன் ஒலிப்பதிவு அறைக்கு வந்து, அந்தப் பன்னிரண்டு பாட்டின் மேலும் பேசிவிட்டுப் போங்கள்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் அதே குறும்போடும் குரலோடும் வாழ்க என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இம்மடலை வாசிக்கும் கத்தரி, முடிவில் தன் வாயால் ஒரு வார்த்தை சேர்க்க அனுமதி கேட்டார். தந்தோம்.

"நான்தான்க்கா அழிச்சேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும். ஒருநாள்கூட நின்னு கேட்டதில்ல. இன்னைக்கு நிக்கிறேன், பேசுங்கக்கா."

என்றும் தங்கள் அன்புக்குரிய,
வானொலி நிலைய ஊழியர்கள்