இடது முழங்கால் குறிப்பேடு

எண்களை நான் நன்றாக எழுதுவேன். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நான் எழுதித் தரும் டோக்கனை வயதானவர்கள்கூடக் கண்ணாடி போடாமல் படித்துவிடுவார்கள். அதனால்தான், மேடம், என் குறிப்பேட்டின் முதல் பத்தொன்பது நாட்களில் எண்கள் ஏன் கோணலாக இருக்கின்றன என்று நீங்கள் சிவப்பு மையில் எழுதிக் காட்டியபோது கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. மாலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன். எழுதினால்தான் எனக்கு எதுவும் வரிசையாக வரும்.

பிசியோதெரபி உதவியாளர் வகுப்பில் நீங்கள் கொடுத்த பயிற்சி தெளிவானது. ஒரே நபர், பன்னிரண்டு வாரம், தினமும் ஒரே நேரம், ஒரே கேள்வி. வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? சொல்லும் எண்ணை அப்படியே எழுத வேண்டும். நாமாக எடுத்துக்கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இடுப்புப் பிடித்த மாமா, மூட்டுவலி அத்தை என்று யாராவது இருந்தார்கள். எங்கள் வீட்டில் மூன்றே பேர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கை நசுங்கினாலும் வாய் திறக்க மாட்டார். மிச்சம் என் தங்கைதான்.

அவளை நாங்கள் பம்பரம் என்று கூப்பிடுவோம். பதினாறு முடிந்திருந்தது. ஐந்து வருடமாக நடனம் கற்றுக்கொண்டிருந்தாள். வெறுங்காலோடு, தரையில் விழுந்தும் உருண்டும் ஆடுகிற தற்கால நடனம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு வழக்கமான பள்ளிக்குப் போகாமல், அதையே தொழிலாகக் கற்றுத் தரும் பள்ளியில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அது வேறு ஊரில். மூன்று வருடம், விடுதி. இரண்டாம் வருடத்திலிருந்து விடுமுறைகூடக் கிடையாது, ஊர் ஊராக நிகழ்ச்சிகள்.

பார்வையாளர் நாளன்று மூவரும் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தோம். பெரிய கூடம், சாம்பல் நிற ரப்பர் விரிப்பு. நாற்பது பிள்ளைகள் ஒரே மூச்சாக விழுந்தார்கள், ஒரே மூச்சாக எழுந்தார்கள். "கீழ விழறதுக்கு மூணு வருஷம் படிக்கணுமா?" என்று அப்பா காதில் கிசுகிசுத்தார். பம்பரம் திரும்பாமலே, "விழறதுக்கு இல்லப்பா, எழுந்திரிக்கிறதுக்கு" என்றாள். அப்பா அதை ஒரு வாரம் ஒவ்வொரு லிஃப்டிலும் ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தது வேறு. நாற்பது பேரில் பதினொரு பேருக்குக் கணுக்காலிலோ முழங்காலிலோ கட்டு. இரண்டு முறை எண்ணினேன். அப்போதே பயம் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்ததற்கு ஒரு நியாயமான தொடக்கம் இருந்தது என்பதற்காக.

அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பதினாறு. அவளுக்குத் தலை வாரியது, பல் விழுந்தபோது பஞ்சு வைத்தது எல்லாம் நான். பதினாறு வயதில் எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று என்னிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரிசைக்காகச் சொல்கிறேன்.

தினமும் காலை ஆறரைக்கு, டீ கொதிக்கும்போது கேட்பேன். அவள் அடுப்பு மேடையில் ஒரு காலைத் தூக்கி வைத்துக் குனிந்தபடியே, "பூஜ்யம்" என்பாள். மூன்றாம் வாரம் நீங்கள் வகுப்பில் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் பூஜ்யமா? அதிர்ஷ்டக்காரி" என்றீர்கள். நீங்கள் அதை மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

இருபதாம் நாள் அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரி, ஒண்ணுன்னு போட்டுக்கோ. பாவம் உன் நோட்டு, எத்தனை நாளைக்குப் பட்டினி கிடக்கும்."

"எங்கே ஒண்ணு?"

"எங்கேயாவது. இடது முழங்கால்."

எழுதினேன். அன்று மாலை வகுப்பில் கட்டுப் போடச் சொல்லித் தந்தீர்கள். மறுநாள் அவள் முழங்காலில் பழகிப் பார்த்தேன். சும்மா பயிற்சிக்குத்தான். கட்டுப் போட்ட காலை மனிதர்கள் வேறு மாதிரி வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கேள்வியை லேசாக மாற்றினேன். எவ்வளவு என்பதற்குப் பதிலாக, "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலையா?" என்று கேட்டேன். இது தவறு என்று எனக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் முதல் நாள் பாடமே அதுதான். இரண்டு வந்தது. ஒரு வாரம் கழித்து மூன்று. நான் எதையும் கூட்டவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதினேன்.

ஆறாம் வாரம் நடனப் பள்ளியிலிருந்து நுழைவுத் தேர்வுக்கு அழைத்துக் கடிதம் வந்தது. அவள் கடிதத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுழன்றாள். கட்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டிருந்தாள். அப்பா ஒரு பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தார். நான் அறைக்குப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தேன்.

பூஜ்யத்தின் தலையிலிருந்து மேலே ஒரு சின்ன வளைவு இழுத்தால் அது ஆறாகிவிடும். பத்தொன்பது பூஜ்யங்கள். கை நடுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள்.

மறுநாள் காலை அவளிடம் காட்டினேன். ஆரம்பத்தில் எவ்வளவு கடுமையாக இருந்தது, நடுவில் ஒன்றுக்கு இறங்கி இப்போது மறுபடி மூன்றுக்கு ஏறியிருக்கிறது என்று விளக்கினேன். அவள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் ஆறுன்னு சொன்னேனாக்கா?"

"சொன்ன. கால் வலிச்சா அன்னைக்கு ஞாபகம் இருக்கும், அப்புறம் மறந்துரும். அதுக்குத்தானே எழுதி வைக்கிறது."

அவள் நம்பினாள். என் கையெழுத்தை அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து நம்புகிறாள். கையைப் பிடித்து எழுதச் சொல்லித் தந்ததே நான்தான்.

அதன் பிறகு நான் அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. குதிக்கும்போது இடது காலைக் காப்பாற்றத் தொடங்கினாள். அவளுடைய நடன டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். முழங்காலில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பிள்ளை எதற்கோ பயப்படுகிறாள், ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தோம். அறிக்கையை வாங்கப் போனது நான். எலும்பு, ஜவ்வு, குருத்தெலும்பு எல்லாமே இயல்பு என்று நான்கு வரி. அப்பா என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். லேசான தேய்மானம் என்றேன். "நீதான் இதப் படிக்கிற, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினார். அந்த அறிக்கை குறிப்பேட்டின் பின் அட்டைக்குள் இருந்தது, உங்களிடம் தரும் முன் எடுத்துவிட்டேன். இப்போது இத்துடன் இணைத்திருக்கிறேன்.

தேர்வுக்கு அவளை நான் தடுக்கவில்லை. கூடவே போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். விழுந்து எழும் பகுதி வந்தது. எல்லோரும் விழுந்தார்கள். அவள் மட்டும் நடுக்கூடத்தில் நின்றாள், இடது முழங்காலில் கை வைத்தபடி. இரண்டாம் முறையும் நின்றாள். பிறகு தேர்வாளரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரயிலில் என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள். அழுது முடித்து, "நல்லவேளை நீ எழுதி வச்ச. இல்லாட்டி அங்க போய் காலை உடைச்சுக்கிட்டு நின்னிருப்பேன்" என்றாள். அவள் எனக்கு நன்றி சொன்னாள், மேடம். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் அன்று ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தேதி காலியாக இருப்பதற்குக் காரணம் அதுதான், கவனக்குறைவு அல்ல.

இப்போது அவள் பக்கத்துத் தெருப் பள்ளியில் வணிகவியல் படிக்கிறாள். மாலையில் நான்கரைக்கு வீட்டில் இருக்கிறாள். நான் வகுப்புக்குக் கிளம்பும்வரை இருவரும் ஒன்றாக டீ குடிக்கிறோம். நான் விரும்பியது இவ்வளவுதான் என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே சில நாள் சந்தேகமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். பதினோராம் வாரம் நாங்கள் போக வேண்டிய பேருந்து நகரத் தொடங்கிவிட்டது. அவள் ஓடினாள். சாலையோரக் குழியை இடது காலால் உந்தி ஒரே தாவாகத் தாவிப் படியில் ஏறினாள். ஒரு நொடி அவள் காற்றில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், எட்டு வயதுச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏறி அருகில் உட்கார்ந்ததும், "இப்ப எவ்வளவு இருக்கும்க்கா?" என்று கேட்டாள்.

ஏழு என்றேன். ஏழு என்று எழுதினேன். அந்த எண் கோணலாக இல்லை, பாருங்கள்.

மதிப்பெண் எவ்வளவு போட்டாலும் சரி, தேர்ச்சி தராவிட்டாலும் சரி. ஆனால் குறிப்பேட்டைச் சீக்கிரம் திருப்பித் தந்துவிடுங்கள். அதில் இன்னும் பதினொரு பக்கம் மிச்சம் இருக்கிறது. அது உங்களிடம் இருக்கும் இந்த நான்கு நாளும் அவள் காலையில் கட்டிலைவிட்டு இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிவதில்லை. பாவம், நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.