டம்ளரில் குறைந்த தண்ணீர்

ஸ்டேஷனுக்குள் வந்ததுமே தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள் ஐயா. வேண்டாம். கொஞ்ச நாளாக நிறையக் குடித்துவிட்டேன்.

எனக்குப் பேய்ப் படம் பிடிக்கும். நம்மூர்ப் பேய் இல்லை, அது வந்ததுமே கத்தும். எனக்குப் பிடித்தது விக்டோரியா ராணி காலத்துப் பேய். மூடுபனி, குதிரை வண்டி, ஆளில்லாத மாளிகை, மெழுகுவத்தியோடு கவுனை இழுத்துக்கொண்டு படியேறும் பெண். அந்தப் பேய் முகமே காட்டாது. மேஜை மேல் வைத்த பொருள் சற்று நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலை முன்னால் நிற்பவனுக்கு அந்தக் குளிரும் பிடிக்கும்.

கல்யாணமான புதிதில் என் மனைவி வினோதாவும் கூட உட்கார்ந்து பார்ப்பாள். பயந்துபோய் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அப்படி வேறு யாரும் என்னைப் பிடித்ததில்லை. போகப்போக அவளுக்குப் பயம் விட்டுப்போனது. "இன்னா மாமா, இம்மாம் பெரிய ஊடு கட்டிக்கினு ஒரு டியூப் லைட்டு போட மாட்டானா?" என்று சிரிப்பாள். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

என் அம்மா கங்கம்மாளுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. தண்ணீரை அளந்துதான் தரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அளந்து கொடுத்தவள் வினோதா. "ஒரே ஒரு மொடக்கு குடுடி, புண்ணியமா போவும்" என்று அம்மா கெஞ்சுவாள். "வாணாம் அத்த, மூச்சு வாங்கும்" என்று சொல்லிவிட்டு, இவள் பின்பக்கம் போய் அழுவாள். ஆடி மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

படுக்கவைத்திருந்த இடத்தில் விளக்கேற்றி, டம்ளரில் தண்ணீர் வைத்தோம். கருமாதி வரைக்கும் வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. செத்தவர் வந்து குடிப்பார் என்பார்கள். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அந்த டம்ளர் கண்ணில் பட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். அளவு மீறக்கூடாது என்பது அந்தப் படங்களில் கற்றது.

சாயந்திரம் வந்தபோது வினோதா வாசலில் நின்றாள். "மாமா, தண்ணி கொறஞ்சிக்கீது."

பக்கத்து வீட்டு முத்தம்மாள், "தாகத்தோட போன உசுரு, குடிக்காம இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வினோதா என்னோடு உட்கார்ந்து படம் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

கருமாதி முடிந்து விளக்கை எடுத்தோம். தண்ணீரை எடுக்க அவள் விடவில்லை. டம்ளருக்குப் பதில் செம்பு வந்தது, பிறகு குடம். முடிந்தவரை குடித்தேன். மீதியை மல்லிச் செடிக்கு ஊற்றினேன். செடி நன்றாகப் பூத்தது. அவளோ தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள், உதடெல்லாம் வெடித்திருந்தது. "அத்தைக்குக் குடுக்காதது எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள்.

அவள் தங்கை ரோஜா வந்து பார்த்துவிட்டு, "மாமா, அக்காவப் பெரியபாளையத்து அம்மங்கோயிலுக்கு இட்டுனு போய் வேப்பஞ்சேல கட்ட வெக்கிறேன். எல்லாம் சரியாப் பூடும்" என்றாள். நான் தடுக்கவில்லை. திரும்பி வந்தபோது வினோதாவின் முகம் தெளிந்திருந்தது. கோயில் குங்குமத்தை எனக்கு வைத்துவிட்டு, "இனிமே அத்த வராது" என்றாள். படம் போட்டேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள் விடிகாலையில், அவள் இன்னும் எடுக்காமல் விட்டிருந்த குடத்தில் பாதியைக் காலி செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "கொடத்துல வெச்சாலும் பத்தல மாமா. நானே போயிதான் குடுக்கணும் போல கீது."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். படத்திலும் நல்ல கட்டம்.

மறுநாள் எங்கள் வயல் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். கிணற்றடியில் அம்மாவின் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கால் வழுக்கி விழுந்ததாக நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அவளுக்குக் கால் வழுக்கவில்லை ஐயா. அந்தத் தண்ணீரைக் குடித்தது நான்தான்.

இப்போது அவளுக்கும் விளக்கேற்றித் தண்ணீர் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். வைத்தது வைத்தபடியே இருக்கிறது. என் மேல் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை என்று அதிலிருந்தே தெரிகிறது.