அடங்காத விசில்

“அண்ணன் குடலுக்குள்ள ஒரு கண்டக்டர் விடாம விசில் ஊதுறாரு மதினி.”

விளாங்குடியில் நான் ஏறிய டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் சொன்னாள். பக்கத்தில் அவள் அண்ணன் மனைவி. விடிந்ததிலிருந்து அண்ணனுக்கு வயிற்றால் போகிறதாம். விடுதியிலிருந்து அப்போதுதான் வந்த பெண்ணை வாசலிலிருந்தே அழைத்துக்கொண்டு, அந்த அம்மாள் டாக்டரைக் கூட்டிவரக் கிளம்பியிருக்கிறார்.

“என்ன விசிலு?”

“நாம இறங்கணும்னா கண்டக்டர்தான டிரைவருக்குச் சொல்றாரு? அதுமாதிரி, குடல்ல இருக்குற செல்லுக்கு வெளிய இருந்து வர்ற சேதிய உள்ள சொல்றது ஜி புரோட்டீன். சொல்லிட்டுத் தானா அடங்கிரும். அண்ணனுக்கு வந்திருக்கது காலரா மாதிரிதான் தெரியுது; அந்த விஷம் அத அடங்க விடாது. குடலு தண்ணியக் கொட்டிக்கிட்டே இருக்கும்.”

“அதுக்குத்தான் உங்கண்ணனுக்குச் சொட்டுத் தண்ணி குடுக்கல. உள்ள இருந்தாத்தான கொட்டும்?”

“ஐயோ மதினி! அது ரத்தத்துல இருந்து போற தண்ணி. குடுக்கலன்னா ஆளே வத்திப் போவாரு. உப்பும் சீனியும் கலந்து குடுத்துக்கிட்டே இருக்கணும். வீட்டுல யாராச்சும் குடுப்பாகளா?”

“எங்கிட்டுக் குடுக்க? தண்ணி தண்ணின்னு கெஞ்சுனாரேன்னு, குடத்த உள்ள வச்சு அடுப்படியப் பூட்டிட்டுல்ல வாரேன்.”

அந்த அம்மாள் இடுப்பைத் தடவினார். சாவி அங்கே இருந்தது.

“அண்ணே, நிப்பாட்டுங்க!” என்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினார்.

“இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா” என்ற கண்டக்டர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விசில் கொடுத்தார். பஸ் நின்றது.

“நான் டாக்டரோட வாரேன், நீங்க ஓடுங்க” என்றாள் பெண்.

சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் வந்த வழியே ஓடினார்.