ஈடாகக் கொடுக்க ஒருவன்

மலைமேல் சோளக்காடு நிறுத்தத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார்: “அந்த நாட்டுக்காரன் எவனாச்சும் இங்க ஜெயில்ல இருந்தா, என்ற பையன் வந்துருவான் கண்ணு.”

“ஏனுங்கக்கா, அவன் வெளிநாட்டுக்கு, கெணத்துக்குப் போர் போடற வண்டி வேலைக்குத்தான போனான்?” என்றார் இளையவர்.

“ஆமா. தண்ணி இருக்குதுன்னு ஒரு எடத்தக் காட்டுனாங்களாம், போர் போட்டுட்டான். அது எல்லை தாண்டி, பக்கத்து நாட்டு மண்ணாம். அந்த நாட்டுப் பட்டாளத்துக்காரங்க வந்து புடிச்சுட்டுப் போயிட்டாங்க.”

“நம்ம அரசாங்கம் பேசுதுன்னாங்களே?”

“பேசிட்டேதான் இருக்காங்க. நல்லாப் போகுதுங்கம்மான்னு ஆபீசர் போன்ல சொன்னாரு. நல்லான்னா என்னங்கன்னு கேட்டேன். மறுபடி பேசறதுக்கு ஒத்துக்கிட்டாங்களாம்.”

“சும்மா உடமாட்டாங்களாமா?”

“ஒரு ஆள வாங்கோணும்னா ஒரு ஆளக் குடுக்கோணுமாம். குடுக்கறதுக்கு நம்மகிட்ட அவங்க ஆளு ஒருத்தனும் இல்லியாம்.”

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. அவர்கள் காலடியில் இருந்த மிளகு மூட்டை சரிந்தது. இருவருமே அதை நிமிர்த்தவில்லை.

“எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போனது அதுக்குத்தானுங்களா?”

“அதுக்குத்தான். அவங்க ஆளு ஒருத்தன் இங்க மாட்டோணும்னு வேண்டிக்கிட்டேன்.”

அடுத்த வளைவும் வந்து போனது. அப்புறம்தான் மூத்தவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

“மாட்டுனா, அவன அடிக்கக் கூடாதுன்னும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்.”