தண்ணி குடிச்சிட்டு வரேன், லைன்ல இருங்க

...அதுக்குள்ள இன்னாத்தப்பா தேடிக்கினு இருக்க நீ? வந்ததுலேருந்து அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியவே மொறச்சிக்கினு இருக்க, வாயத் தொறந்து ஒரு வார்த்த இல்ல. டாக்டரா இருந்தா நாக்கயாவது நீட்டச் சொல்லியிருப்பான். குந்து, குந்து, எந்திரிக்காத. ரிப்பேரு பாக்க சின்னசேலத்துலேருந்து வெயில்ல வந்திருக்க. மோரு குடி.

நான் சொல்றேன் கேளு, இது கொரங்கு வேல. மலையிலேருந்து எறங்குதே, அது. போன வருஷம் ஒரு கொரங்கு என் போன தூக்கிக்கினு போயி, ஓசூர்ல இருக்கற என் மொவன் பகலவனுக்கே போன் போட்டுச்சி. அவன் 'சொல்லுப்பா'ன்னுட்டு கால் மணி நேரம் பேசியிருக்கான். சாயங்காலம் எங்கிட்ட சொல்றான், 'இன்னிக்கிதாம்பா நீ என்ன பேச வுட்ட'ன்னு! ...நம்பலயா? சரி வுடு.

ஒயரு நல்லாதான் இருக்குதா? அப்ப சூடு. ...சூடும் இல்லயா? ஆமா, டேபிள் பேன் அது மூஞ்சிலதான ஓடுது. இந்த வூட்ல எனக்கே பேன் கெடயாது.

சிரிக்காதப்பா, விஷயம் பெருசு. உள்ள என் மருமொவ இலக்கியா கண்ண கசக்கிக்கினு இருக்கா. அவ கடதான் இது. கடயின்னா பலக இல்ல, தராசு இல்ல, எல்லாம் போனுக்குள்ள. எங்கியோ இருக்கறவன் தட்டுவான், இவ இங்கருந்து தேன் அனுப்புவா. கடய ஓட்டற கம்ப்யூட்டரு, சர்வராம், அத்த வெளியூர்ல வாடகைக்கு வெப்பாங்களாமே, வாடக மிச்சம்னு இவ பழைய கம்ப்யூட்டர வூட்லயே வெச்சிட்டா. பொங்கலுக்கு இன்னிக்கி ஒரு நாள்தான் தள்ளுபடின்னு ஒலகத்துக்கே சொல்லிட்டா. கல்வராயன் மலையிலேருந்து, தேன் எடுக்கற சின்னக்கண்ணு ஆளுங்க எறக்கின தேன் கூடம் பூரா நிக்குது. காலையிலேருந்து கட தொறக்கல! எவன் தட்டினாலும் வட்டமா ஒன்னு சுத்துது, சுத்துது, சுத்திக்கினே இருக்குது. 'இன்னிக்கி ஓடலன்னா கடய மூடிட்டு ஓசூருக்கே போயிடறேன் மாமா'ன்னுட்டா. அவ போயிட்டா இந்த வூட்ல நானும் பல்லியுந்தான். பல்லிகிட்ட இன்னா பேசறது? நடுவுல நடுவுல உச்சு கொட்டும், அவ்ளோதான்.

நானும் சும்மா குந்திக்கினு இல்லப்பா. கடயில வாய் வேல என்னுது. மூலையில 'பேசுங்க'ன்னு ஒரு பட்டன் தெரியுதா? அத்த அமுக்கினா நாந்தான். 'தாத்தா, தேன் சுத்தமா?'ன்னு ஒருத்தன் குவைத்துலேருந்து கேப்பான். ஆமான்னா எவன் நம்புவான்? அதனால வெள்ளிமல பஸ்சு கதய எடுத்து வுடுவேன்.

உனக்குத் தெரியாதா? அய்ய, கேளு. வெள்ளிமலையில ஒரு தூக்கு தேன் வாங்கிக்கினு பஸ்சு ஏறறேன். பின்னாடியே அந்தக் கூட்டுத் தேனீ மொத்தமும் ஏறுது. சீட்டு சீட்டா குந்துது. கண்டக்டரு விசில வாயில வெக்கறாரு, விசிலுக்குள்ள ரெண்டு. ராணி மட்டும் ஜன்னலோரம். பொம்பளைங்களுக்கு ஃப்ரீதான? தேன் எடுக்கற தேனீ அத்தினியும் பொம்பளயாச்சே! ஒன்னொன்னுக்கும் ஃப்ரீ டிக்கெட்டு கிழிச்சி கிழிச்சி கண்டக்டரு கை பன்னு மாதிரி வீங்கிப்போச்சி. கொட்டி இல்ல, கிழிச்சி! கச்சிராபாளையம் வந்துச்சி. ராணி எந்திரிச்சி நின்னுச்சி. பஸ்சே கப்சிப்...

அங்க நிறுத்திடுவேன். 'தண்ணி குடிச்சிட்டு வரேன், லைன்ல இருங்க'ன்னுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிடுவேன். முடிவ சொல்லிட்டா எந்திரிச்சி போயிடுவான்பா. சொல்லலன்னா நிப்பான். நிக்கறவன் நாலு சாமானப் பாப்பான். இதான் யாவாரம்.

இன்னா, அப்படிப் பாக்கற? எத்தினி பேரு நிக்கறாங்களா? எண்ணலப்பா. திங்கக்கெழமையிலேருந்து குவைத்து, மலேசியா, சேலம், மணலூர்பேட்டையில ஒரு நர்சம்மா... ஒருத்தரயும் நான் வுட்டதில்ல.

இன்னாது? அத்தினி பேரும் இன்னும் உள்ளயே நிக்கறாங்களா? அதனாலதான் புது ஆளு நொழய முடியலயா? அப்ப வெள்ளிமல பஸ்சு மாதிரின்னு சொல்லு. படியில தொங்கறவன் எறங்கினாதான் கீழ நிக்கறவன் ஏறலாம். ...பொட்டிய ஒரு வாட்டி நிறுத்திப் போட்டா? அதான் காலையில நாலு வாட்டி நிறுத்திப் போட்டாளே! போட்ட ஒடனே பழைய ஆளுங்களே தானா வந்து ஒட்டிக்கறாங்களா? பாத்தியா, கதன்னா அப்படி இருக்கணும்!

மெதுவா பேசுப்பா, மருமொவ காதுல வுழப்போவுது.

அந்தப் பட்டனயே புடுங்கிட்றியா? அடப்பாவி! கோவத்துல அத்தினி பேரும் போயிட்டா தேன யாரு வாங்கறது? அவங்கதான்பா கிராக்கி. ...முடிவ சொல்லி நல்லபடியா அனுப்பணுமா? அங்கதான் சிக்கலு. முடிவுன்னு ஒன்னு இருந்தா சொல்ல மாட்டனா? இதுவரைக்கும் கச்சிராபாளையத்தத் தாண்டி எவனும் போனதில்ல, நானும் சேத்து.

எல்லாருக்கும் ஒரே வாட்டி கேக்கற மாதிரி பண்ணித் தரியா? சரி, குடு மைக்க. வர்றது வரட்டும்.

ம்க்கும். வீரமுத்து தாத்தா பேசறேன். தண்ணி குடிச்சிட்டேன். கெணறு கொஞ்சம் ஆழம், கோச்சிக்காதீங்க. ராணி எந்திரிச்சி நின்னுச்சின்னு சொன்னேன் இல்ல? நின்னுச்சா... கண்டக்டர ஒரு பார்வ பாத்துச்சி. பாத்துட்டு ஒரே ஒரு வார்த்த சொல்லுச்சி. பஸ்சே அழுதுடுச்சி! டிரைவரு வண்டிய ஓரங்கட்டிட்டு துண்டால மூஞ்சிய மூடிக்கினாரு. அந்த வார்த்த இன்னான்னா... வாயால சொல்லக்கூடாதுன்னு ராணி எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சி. எழுதலாம், தப்பில்ல. ஒவ்வொரு தேன் பாட்டலு மூடி மேலயும் எழுதியிருக்கேன். வாங்கிப் பாத்துக்கங்க. வெச்சிட்றேன்.

...கொறயுதா? எறங்கறாங்களா? வட்டம் நின்னுபோச்சா? கட தொறந்துடுச்சா! அய்யய்யோ, இன்னாப்பா டிங்கு டிங்குன்னு? ஆர்டரா? எல்லாமேவா? இலக்கியா! ஏ இலக்கியா! மூஞ்சியத் தொடச்சிக்கினு ஓடியா! ...பாத்தியா தாயி? இப்ப ஓசூரு போறியா? போவலயா? அப்படி சொல்லு! போ, போயி பார்சலு கட்டு, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடு.

...மூடி மேல இன்னா எழுதறதா? யாரு கேட்டா? ஆர்டரு போட்ட அத்தினி பேருமேவா? அது... அது தயாரா இருக்குது தாயி. நீ கட்டிக்கினே இரு, தோ வந்துட்றேன்.

தம்பி, கிட்ட வா. இன்னும் கிட்ட. ஒரு தேனீ ஒரே ஒரு வார்த்த சொல்லுது, பஸ்சு மொத்தமும் அழுவுது. அது இன்னா வார்த்தயா இருக்கும்? நீ படிச்சவன், யோசிச்சி சொல்லு. நான் வாயே தொறக்க மாட்டேன், நீ பேசு, நான் கேட்டுக்கறேன்... தம்பி? இங்கதான குந்திக்கினு இருந்த? பையயும் காணோம். மோரு அப்படியே இருக்குது. தோ, வாசல்ல வண்டி கெளம்பற சத்தம்... தம்பி! ஏ தம்பி! ஒரே ஒரு வார்த்தப்பா!