லிஸ்ட்ல இல்லாத மவுத் ஆர்கன்

வாட்ச்மேண்ணே, அவங்கள விரட்டிடாதீங்க. கேட் பக்கத்துல சின்ன டப்பாவோட நிக்கிறாங்கல்ல, அது என் அக்கா. ஆமா, உங்க கையில இருக்கிற பேண்ட் ஆளுங்க லிஸ்ட்ல அது பேர் இல்ல. தெரியும். அந்த லிஸ்ட்டை எழுதினதே நான்தான்.

இருங்க, சொல்றேன். இன்னிக்கு இங்க வாசிக்கப்போற பேண்ட்ல நான் டிரம்ஸ். பேண்டை ஆரம்பிச்சது அக்கா. லாண்டரில இஸ்திரி போடுற வேலை அதுக்கு. ஆவியில வெந்த கையோட வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூட கழட்டாம மவுத் ஆர்கன் ஊதும். புளூஸ் பாட்டு மட்டும்தான். ஒரு வரிய ரெண்டு தடவை சொல்லணும்டா, மூணாவதுல பதில் வரணும், அவ்வளவுதான் புளூஸுன்னு சொல்லும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னப்ப வீட்ல ஆளாளுக்குத் திட்டினாங்க. அக்கா மட்டும் எங்கயோ அலைஞ்சு பழைய டிரம்ஸ் ஒண்ணு தூக்கிட்டு வந்துச்சு.

அப்புறம் கீபோர்டுக்காரன் வந்து சேர்ந்தான். இனிமே சைக்கடெலிக் மியூசிக்தான்னான். ஒரே பாட்டு இருபது நிமிஷம். கிட்டார் எக்கோவுல சுத்திக்கிட்டே கெடக்கும். கலர் எண்ணெய் வழியா விட்ட வெளிச்சம் செவுத்துல ஊறும். சிரிக்காதீங்கண்ணே, நல்லாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது புடிச்சிருக்கு. கஷ்டமே அதான்.

அக்கா ஊதுறதையும் எக்கோவுல விட்டுப் பாத்தோம். ரெண்டு ஊது ஊதிட்டு நிறுத்திருச்சு. நான் சொன்னதே எங்கிட்ட திரும்பத் திரும்ப வருதேடா, பதில எங்க வைக்கிறதுன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

இல்லண்ணே, அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா வந்திருக்குமா? வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கு. காலைல அது சட்டையோட சேர்த்து என் சட்டைக்கும் இஸ்திரி போட்டுச்சு. இந்தக் கை மடிப்பப் பாருங்க. ரெண்டு பாட்டுக்கு நடுவுல அதுக்குத் தண்ணி வேணுமாம், மறக்காம வைக்கச் சொல்லுச்சு. மேடையில அதுக்கு மைக்கே போடலண்ணே.

பேர் இல்லன்னு நீங்க சொன்னா நம்பாது. எழுதறப்ப விட்டுட்டான் போலன்னு சொல்லி என்னைத்தான் கூப்பிடும். பாருங்க, என்னப் பாத்துட்டு கை ஆட்டுது.

அக்கா இனிமே வேணாம்னு பேண்ட்ல முடிவு பண்ணி பத்து நாளாச்சு. நீதான தம்பி, அக்காகிட்ட நீயே சொல்லிருன்னாங்க. நீதான தம்பி, அக்காகிட்ட நீயே சொல்லிருன்னாங்க.

நான் சொல்லல.